செண்டுமல்லி தின்ற கோழிகள்

ஊரப்பாக்கத்தில் தண்டவாளத்துக்குப் பின்னால், ஒரு தகரக் கொட்டகையில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. பிறகு லாரியில் கிளீனர், கொத்தனாருக்குக் கையாள், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுவது என்று எதிலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. கோழிகளோடு மட்டும் மூன்று வருஷமாக இருக்கிறேன். ஞாயிறு காலையில் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டுக்குள் கூடையோடு உட்கார்ந்தால் அந்த வாரத்து முட்டை தீர்ந்துவிடும். அந்த கேட்தான் என் பிழைப்பு.

கம்பெனித் தீவனம் கட்டுப்படியாகாமல் போனபோது, தாம்பரம் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர்கள் ஒதுக்கிய தலையையும் குடலையும் அள்ளி வந்து, வேகவைத்துத் தவிட்டில் பிசைந்து போட்டேன். கோழிகள் பளபளவென்று ஆயின. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சில வாரம் கழித்து, குடியிருப்பில் கேக் செய்து விற்கிற அக்கா ஒரு டப்பாவை என் முகத்துக்கு நேரே திறந்தார்.

"மோந்து பாருங்கண்ணா. வெனிலா கேக்கு. வஞ்சிரம் வாசனை வருது."

"உங்க ஓவன்ல ஏதாச்சும்..." என்று இழுத்தேன்.

"என் ஓவன்ல நான் மீன் வெக்கறதில்ல."

கொட்டகைக்கு வந்து ஒரு முட்டையை வேகவைத்து உப்பில்லாமல் தின்றேன். மீன்தான். அடுத்த ஞாயிறு வெறுங்கையோடு போய், வாங்கின எல்லாரிடமும் தப்பு என்னுடையது, கோழிக்கு மீன் கழிவு போட்டேன் என்று சொன்னேன். மீனை நிறுத்தினேன். வாசனை போகும்வரை வந்த முட்டைகளை நானே தின்றேன். அந்த நாட்களில் எனக்கு வேறு குழம்பு தேவைப்படவில்லை.

ஆயுத பூஜை முடிந்த வாரம் இந்தப் பக்கத்தில் எந்த வண்டியைப் பார்த்தாலும் முகப்பில் செண்டுமல்லி மாலை காய்ந்து தொங்கும். யாரும் கழற்ற மாட்டார்கள். தானாக விழட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பூவைக் கோழி தின்றால் மஞ்சள் கரு நன்றாக நிறம் பிடிக்கும் என்று ஒரு தீவனக் கடைக்காரர் சொல்லியிருந்தார். சாக்கோடு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே எனக்குப் பழக்கமான ஓட்டுநர் ஒருவர் சிரித்தார்.

"இன்னா மச்சான், சாமி மாலைய கோழிக்கா போடப் போற?"

"ரோட்டுல விழுந்தா லாரி மிதிக்கும். கோழி தின்னா முட்டையாவது வரும்."

"எடுத்துகினு போ. ஆனா என் வண்டி பஞ்சராச்சு, உன் கோழியத்தான் அறுப்பேன்."

இதழ்களை உதிர்த்து, கழுவி உலர்த்தி, முருங்கை இலையோடு குருணையில் கலந்து போட்டேன். இரண்டு வாரத்தில் கரு காவி வேட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. ருசியும் வாசனையும் சுத்தம். அதற்கடுத்த ஞாயிறு, குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் என்னை கேட்டிலேயே நிறுத்தினார்.

"இது நேச்சுரல் கலர் இல்லப்பா. டை ஏத்தியிருக்க. கம்ப்ளெயின்ட் வந்துடுச்சு."

"பூ சார். வந்து கொட்டகையப் பாருங்க."

"அதுக்கெல்லாம் டைம் இல்ல. சாதாரண கலர்ல கொண்டா, உள்ள விடறோம்."

செய்யலாம். பூவை நிறுத்தினால் கொஞ்ச நாளில் கரு வெளிறிவிடும், கேட் திறந்துவிடும். ஆனால் நிறுத்தினால் நான் சாயம் போட்டவன் என்றே ஆகிவிடும்.

"மாட்டேன் சார். மீன் நாத்தம் வந்தப்ப தப்புன்னு நானே வந்து சொன்னேன், நம்புனீங்க. இப்ப தப்பு இல்லன்னு சொல்றதும் அதே வாய்தான்."

"ரொம்பப் பேசற."

"வெளிய உக்காந்து பேசறேன்."

கேட்டுக்கு எதிரே, சாக்கடை மூடின சிமென்ட் பலகையில் கூடையை வைத்தேன். ஒரு முட்டையைத் தட்டில் உடைத்து ஊற்றி, பக்கத்தில் ஒரு பிடி காய்ந்த இதழைக் குவித்தேன். போகிறவர்கள் பார்த்தார்கள், சிலர் வாங்கினார்கள், பலர் நகர்ந்தார்கள். பத்து மணிக்கு கேக் அக்கா வெளியே வந்தார். குனிந்து தட்டை மோந்தார்.

"வஞ்சிரம் இல்ல," என்று சொல்லிவிட்டு ஒரு டஜன் எடுத்தார். "உள்ள வந்து உக்காருங்கண்ணா, நான் பேசறேன்."

"அவரே கூப்பிடட்டும்கா."

செயலாளர் கூப்பிடவில்லை. வெயில் ஏறியபோது பாதிக் கூடை மிச்சமிருந்தது. திரும்புகிற வழியில் ஆட்டோ ஸ்டாண்டில் நின்று, வண்டிகளில் மீதி தொங்கிய மாலைகளையும் கழற்றிக்கொண்டேன்.