கேபிளுக்குப் போட்ட துளை

ஆழ்வார்திருநகரிப் பக்கம் இருந்த வயலைக் குத்தகைக்கு விட்டபின், காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற சின்னக் கேரவன் ஒன்று வாங்கினேன். கடலோரம் கொஞ்ச நாள் வாழ்வது என் ஆசை. மனைவி செண்பகத்துக்கு அதில் துளியும் விருப்பமில்லை. பெரியதாழைக் கரையில் கேரவனை நிறுத்திவிட்டு, "ஏளா, வந்து பாரு" என்று எத்தனை கூப்பிட்டும் அவள் அதன் வாசலைத் தாண்டவில்லை.

"சாயந்திரத்துக்குள்ள டிவி தெரியலன்னா நான் பஸ் ஏறிருவேன். நீங்க கடலோட குடும்பம் நடத்துங்க" என்றாள்.

பக்கத்து வீட்டிலிருந்து கேபிள் இழுத்துத் தருவதாகச் சொன்னவர், வயர் நுழையச் சுவரில் துளை போட்டு வைக்கச் சொன்னார். அவசரத்தில் வீட்டுப் பக்கத்துக்குப் பதில் கடல் பக்கம் போட்டுவிட்டேன். வயர் எட்டவில்லை.

செண்பகம் பையைக் கட்டினாள். பஸ் வரும்வரை படுக்கலாமென்று கதவு, சன்னலையெல்லாம் அடைத்தாள். அந்த இருட்டில், துளைக்கு எதிர்ச்சுவரில் நீலமாக என்னவோ அசைந்தது. கடல்! துளை வழியே வந்த வெளிச்சத்தில் தலைகீழாகத் தெரிந்தது. கீழே வானம், மேலே அலை. வள்ளம் ஒன்று கவிழ்ந்தபடியே மெதுவாகக் கரைக்கு வந்தது. செண்பகம் எழுந்து உட்கார்ந்தாள். நீலம் அவள் கன்னத்தில் ஊர்ந்தது.

கேபிள்காரர் கதவைத் தட்டினார். "அண்ணாச்சி, நீள வயர் கொண்டாந்துட்டேன், உள்ள விடட்டுமா?"

"சத்தம் போடாதிய, வள்ளம் வருது!" என்றாள் செண்பகம்.

பஸ் போய்விட்டது. விடிந்தபோது படுக்கையில் அவளைக் காணோம், பை இருந்தது. வெளியே ஓடினேன். அலையில் கால் நனைய நின்றிருந்தாள்.

"நேரா இருந்தா எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்" என்றாள்.

அன்றிலிருந்து, எதையும் வந்து பார்க்கச் சொல்லி நான் யாரையும் கூப்பிடுவதில்லை.