ஒத்தமரம் ஒத்தமடம் ஆனது

புத்தூரிலிருந்து சத்தியவேடு போகிற ரோட்டில் மஞ்சள் பெயிண்ட் அடித்த மாம்பழக் கூழ் ஆலை ஒன்று இருக்கிறது. சீசனில் பஸ் ஜன்னலை மூடினாலும் வாசனை உள்ளே வந்துவிடும். அது என்னுடையது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் கட்டியது. நான் ஆபீசுக்குள் நுழைந்தால் பட்டம் வாங்கியவர்கள் எழுந்து நிற்கிறார்கள். இதைச் சொல்லாமல் எந்தப் பேச்சையும் ஆரம்பிக்க மாட்டேன் என்று என் மகள் கேலி செய்வாள். இருக்கிறவன் சொல்கிறான், இதில் என்ன கேலி?

இன்றைக்குச் சொல்ல உட்கார்ந்தது ஆலையைப் பற்றி இல்லை. என் மாமாவின் துப்பாக்கியைப் பற்றி.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். சின்ன வயதில் ரேணிகுண்டாவில் ஒரு சட்டைக்காரத் துரை வீட்டில் சமையலுக்கு இருந்தார். துரை ஆங்கிலோ இந்தியர், ரயில் இஞ்சின் டிரைவர். வெள்ளைக்காரன் போன பிறகு அவரும் குடும்பத்தோடு கப்பலேறினார். போகும்போது, உனக்கு என்ன வேண்டும் என்று மாமாவைக் கேட்டாராம். மாமா பாத்திரம் கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த சின்ன ரைபிளைக் காட்டினார். துரை சிரித்துவிட்டு, சித்தூர் கலெக்டர் ஆபீசுக்கு அவரே கூட்டிப் போய், மாமா பேருக்கு லைசன்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். மாமா ஊருக்கு வந்து மாந்தோப்புக் காவலில் சேர்ந்தார். லைசன்ஸில், குரங்கு விரட்ட என்று இருந்ததாம். மாமா ஒரு குரங்கைக் கூட அந்தத் துப்பாக்கியால் குறிபார்த்ததில்லை. குரங்குக்குக் கல் போதும் என்பார்.

எத்தனையோ துப்பாக்கி பார்த்துவிட்டேன். பணக்காரர்கள் வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததையெல்லாம் பார்த்தாயிற்று. அந்த ரைபிளின் அழகு எதற்கும் வரவில்லை. கட்டை பழைய வெல்லத்தின் நிறம். விசைக்குக் கீழே இரும்பு வளையம் ஒன்று, நாலு விரல் நுழைகிற மாதிரி. அந்த வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சடக் சடக் என்று இரண்டு சத்தம். சுட்ட தோட்டாவின் கூடு மேலே துள்ளி விழும், அடுத்த தோட்டா தானாக வந்து உட்காரும். குழலுக்குக் கீழே இன்னொரு மெல்லிய குழல். அதற்குள் தோட்டாக்கள் கூட்ஸ் வண்டிப் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றும் என் சுண்டு விரலில் பாதி தான். வெடிச் சத்தமும் அப்படித் தான், காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி. தோளில் உதைக்கவே உதைக்காது.

சுட்ட கூடுகளைப் பொறுக்குவது என் வேலை. சூடாக இருக்கும்போதே வாயில் வைத்து ஊதினால் விசில் வரும். எல்லாக் கூட்டின் அடியிலும் விளிம்பில் ஒரு சின்ன நசுங்கல் இருக்கும். ஏன் மாமா என்று கேட்டேன்.

"பெரிய துப்பாக்கித் தோட்டாவுக்கு நடுவுல அடி விழும்டா. இது அப்படியில்ல. ஓரத்துல தட்டினாத் தான் வெடிக்கும்."

எங்கள் ஜில்லாவும் அப்போது அந்த ஜாதி தோட்டாவாகத் தான் இருந்தது. ஆந்திரா தனியாகப் பிரிந்த புதுசு. எங்கள் ஓரம் மதராஸுக்கா ஆந்திராவுக்கா என்று யாருக்கும் தெரியாது. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற கட்டத்துக்கு வந்திருந்தேன். ஒரு நாள் புது வாத்தியார் வந்து சிலேட்டைத் துடைக்கச் சொல்லித் தெலுங்கு எழுதச் சொன்னார். துடைத்தேன். அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டு பாஷையும் என்னைப் பாதியில் விட்டன. இரண்டிலும் வியாபாரம் பண்ணி நான் பழி வாங்கிவிட்டேன், அது வேறு கதை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வற்றிய ஏரிக்குள் எங்கள் திருவிழா நடக்கும். கிரசின் டின் மூடியில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, நடுவில் கரியால் பொட்டு வைத்து, கம்பியில் கட்டித் தொங்கவிடுவார் மாமா. பின்னால் ஏரிக்கரை மண், குண்டு அதோடு நின்றுவிடும். மாமா உட்கார்ந்து, முழங்கால் மேல் முழங்கையை ஊன்றி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவார். சுள்ளி ஒடியும். டின் மூடி டிங் என்று ஆடும். அந்த டிங்குக்காகத் தான் எல்லாம். எதையும் கொல்லவில்லை, எதையும் ஜெயிக்கவில்லை, தூரத்தில் ஒரு தகரம் நம் பேச்சுக்குப் பதில் சொல்கிறது, அவ்வளவு தான். அதில் இருந்த சந்தோஷத்தை முதல் லோடு கூழ் கப்பலேறிய அன்றுகூட நான் பார்க்கவில்லை.

எனக்கும் ஞாயிற்றுக்கு ஒரு குண்டு உண்டு. நான் சுட்ட முதல் குண்டே மூடியில் பட்டது. பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை, அதனால் நான் சொல்வதை நம்பித் தான் ஆகவேண்டும்.

மாமாவுக்கு ஒரு ஜோடி இருந்தார். ஊர் முன்சீப் ரெட்டியார். வரி வசூல், சர்க்கார் காரியம் எல்லாம் பார்க்கிற அந்த முன்சீப் வேலை அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அந்த வீட்டுக்குத் தான். ஊரில் பெரிய மனிதர். ஏரிக்குள் இறங்கிவிட்டால் மாமாவும் அவரும் வாடா போடா. ரெட்டியார் சுடுவதை டிக்கெட் வைத்துக் காட்டலாம். வாய் மூடாமல் பேசிக்கொண்டே விசையை அழுத்துவார், குண்டு எங்கேயோ மண்ணைக் கிளப்பும். மாமாவுக்குத் தோப்பில் வேலை இருந்தால், ரைபிளை வாங்கிக்கொண்டு தனியாக ஏரிக்குப் போவதும் உண்டு.

"மூடியை ஆட்டி உட்டியாடா?" என்பார் மாமாவிடம்.

"மூடி அங்கியே கீது. நீ தான் ஆடுற."

"ஒரு நாள் பாரு. நீ ஜென்மத்துக்கும் மறக்காத மாதிரி ஒண்ணு அடிக்கிறேன்."

"அடி, அடி. அதுக்குள்ள ஏரி நிரம்பிப் போவுது."

எங்கள் ஊர் பேர் ஒத்தமரம். ரோட்டோரத்தில் பெரிய இலுப்பை மரம் ஒன்று தனியாக நிற்கும், அதுதான் பேர், அதுதான் பஸ் ஸ்டாப். எல்லைத் தகராறு ஆரம்பித்ததிலிருந்து அந்த மரத்தடியில் காலையிலேயே ஒரு கூட்டம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். ஊர் எந்தப் பக்கம் போகும் என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். ரெட்டியார் போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை விட்டுவிட்டுத் தான் போவார்.

"ஏமப்பா, இது மரமா மடமா? சாமியாருங்க எல்லாம் வந்தாச்சா? சோறு ஒண்ணு தான் பாக்கி."

கூட்டம் சிரிக்கும், எழுந்திருக்காது.

அந்த மரத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டி, சர்க்கார் ஒரு தகர போர்டு நட்டது. ஊர் பேர் தெலுங்கு எழுத்தில் மட்டும். நட வைத்தவரே முன்சீப் தான், அவர் வேலை அது. ஊர்ப் பையன்களுக்குக் கோபம். தார் பூசலாமா, பிடுங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். மாமா மட்டும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குத் தமிழே பாதி தான் வாசிக்க வரும். தெலுங்கு எழுத்தெல்லாம் ஜாங்கிரி சுற்றி வைத்த மாதிரி கீது என்பார்.

மாங்காய் முற்றுகிற நேரம். மாமா தோப்பை விட்டு நகர முடியாது. நானும் அம்மாவும் தங்கச்சிக்கு மொட்டை அடிக்கத் திருப்பதிக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், மரத்தடியில் போலீஸ். போர்டில் ஒரு வட்ட எழுத்தின் நட்ட நடுவில் ஒரு ஓட்டை. வானம் தெரிந்தது. டின் மூடியில் மாமா போடுகிற மாதிரியே.

சப்-இன்ஸ்பெக்டர் புதுசு, கர்னூல் பக்கத்துக்காரர். கான்ஸ்டபிள் ஒருவன் போர்டை எழுத்துக்கூட்டி வாசித்தான். "ஒத்த... மடம்" என்று வாசித்துவிட்டுச் சிரித்தான். வாசிக்கத் தெரியாத முட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"முன்சீப்காரு, ஊர்ல எத்தனை துப்பாக்கி?"

"ஒண்ணு தான்."

"எவரிதி? யாரோடது?"

ரெட்டியார் துண்டால் கழுத்தைத் துடைத்தார். வாய் ஓயாத மனிதர், அன்றைக்குத் துண்டை உதறி உதறி மடித்துக்கொண்டிருந்தார். பதில் சொல்வதற்குள் மாமாவே வந்துவிட்டார். யாரோ தோப்புக்கு ஓடிச் சொல்லியிருந்தார்கள். கோணியில் சுற்றிய ரைபிளைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். போர்டை ஒருமுறை பார்த்தார். ரெட்டியாரை ஒருமுறை பார்த்தார்.

"நான் தான் சார்."

"ஏன் சுட்ட? மதராஸ்காரனுங்க சொன்னாங்களா?"

மாமா மறுபடி போர்டைப் பார்த்தார். "வட்டமா இருந்துச்சி சார்."

"தெலுங்குல எல்லாமே வட்டம் தானேய்யா" என்றார் இன்ஸ்பெக்டர். இப்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கையை நீட்டினார். மாமா கோணியைப் பிரித்து, வளையத்தைத் தள்ளித் தள்ளி உள்ளே இருந்த தோட்டாவையெல்லாம் வெளியே எடுத்து, சட்டை முனையால் கட்டையைத் துடைத்துக் கொடுத்தார். சடக் சடக் என்ற சத்தத்தை நான் கேட்டது அது தான் கடைசி.

ரெட்டியார் ஒரு அடி முன்னால் வந்து வாயைத் திறந்தார்.

"முன்சீப்பு, நீ கம்முனு இரு. உன் வேலையைப் பாரு" என்றார் மாமா. ஊரார் முன்னால் அவரை மாமா அதட்டி நான் பார்த்ததில்லை. ரெட்டியார் வாயை மூடிக்கொண்டார். பொறாமை என்று தீர்மானித்தேன். இத்தனை வருஷம் மண்ணைச் சுட்ட மனிதனுக்கு, மாமா ஒரே குண்டில் சர்க்கார் போர்டிலேயே பொட்டு வைத்தது பொறுக்கவில்லை.

மாமாவைச் சித்தூருக்குக் கூட்டிப் போய், ரைபிளைப் பிடுங்கிக்கொண்டு, லைசன்ஸை ரத்து செய்து, எச்சரித்து அனுப்பினார்கள். திரும்பி வந்து மரத்தடியில் இறங்கியபோது ஊர்ப் பையன்கள் மாலையோடு நின்றார்கள். தமிழுக்காகச் சுட்ட சிங்கம் என்று ஒருவன் கத்தினான். மாமா மாலையைக் கழற்றிப் பக்கத்தில் கட்டியிருந்த பசுவின் கழுத்தில் போட்டார். அது திரும்பி மாலையைத் துன்ன ஆரம்பித்தது. தன்னடக்கம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அதைத் தான் சொன்னேன், ஐம்பது வருஷத்துக்கு மேல். எல்லைப் போராட்டத்தில் முதல் குண்டு எங்கள் வீட்டுக் குண்டு என்று டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் கூசாமல் சொல்லியிருக்கிறேன்.

ஊர் கடைசியில் ஆந்திராவிலேயே நின்றது. ரெட்டியார் முன்சீப்பாகவே இருந்து செத்தார். மரத்தடிக் கூட்டத்தை அதற்கப்புறம் அவர் கேலி செய்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏரிக்குள் வந்து மாமா பக்கத்தில் உட்காருவார். சுட ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் வெற்றிலை போட்டுக்கொண்டு கரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எதற்கு வருகிறான் இந்த மனிதன் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

தெலுங்கு நான் பஸ் போர்டைப் பார்த்துக் கற்றது. எழுத்து எழுத்தாக இல்லை, ஊர் பேரை மொத்தமாக முகம் அடையாளம் தெரிகிற மாதிரி. போன வருஷம் ஆலைக்குப் புது போர்டு எழுத வைத்தேன். கடைசி வரியில் எங்கள் ஊர் பேர். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏணி மேல் இருந்த பெயிண்டர் பையனின் பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு, வட்டமான ஒரு எழுத்துக்குள் விழுந்தது.

"அய்யோ சார், மரம் மடமாயிப் போச்சி" என்று சிரித்தான்.

என்னடா என்றேன். இறங்கி வந்து விளக்கினான். அவர்கள் ர என்பது ஒரு வட்டம், தலையில் ஒரு கோடு. அதே வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைத்தால் அழுத்திச் சொல்கிற ட. ஒரு புள்ளி தான் சார் வித்தியாசம் என்று சொல்லி, துணியால் அந்தச் சொட்டைத் துடைத்தான்.

நான் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். மாமா காலத்து அந்தப் பழைய போர்டில் அதைவிடப் பெரிய வட்டங்கள் இருந்தன. ஜாங்கிரியில் எந்தச் சுற்று ர என்று என் மாமாவுக்கு எப்படித் தெரியும்?

மாமா சித்தூரிலிருந்து வந்த அன்று சாயங்காலம், மாலையைத் துன்ற பசுவையும் கத்துகிற பையன்களையும் விட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு போர்டுக்குப் பக்கத்தில் போனார். குனிந்து பார்த்தார். சுண்டு விரலை ஓட்டைக்குள் விட்டார். எந்தப் பக்கமும் இழுக்காமல் சரியாக நடுவில் இருந்தது. அங்கிருந்து ஏரியைத் திரும்பிப் பார்த்து, எங்கே உட்கார்ந்து சுட்டிருக்க வேண்டும் என்று கண்ணாலேயே அளந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"நல்லாத் தான் அடிச்சிருக்கான்" என்றார்.

எனக்கு எழுத்து வராது, ஆனால் பேச்சில் தப்பு வந்தால் விடமாட்டேன்.

"அடிச்சிருக்கேன்னு சொல்லு மாமா."

மாமா விரலை வெளியே எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"சரிடா. அடிச்சிருக்கேன்."

பெரியவருக்கே பாஷை திருத்திவிட்ட பெருமையில், அவருக்கு முன்னால் விசில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.