திருநீற்றுக் கோடு

ஒன்பது வயதில், எங்கள் படுக்கையறைச் சுவருக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று நான் நம்பினேன். அவர்கள் அம்மாவை உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சீனர்கள் நிறைந்த ஜார்ஜ் டவுனில் ஓர் அடுக்குமாடி வீட்டின் பத்தாவது மாடியில் இருந்தோம். லிப்ட் கெட்டுப்போனால் இரண்டு கையிலும் பசார் பைகளைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்காமல் மேலே வந்துவிடுகிறவர் அம்மா. அப்படிப்பட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்த பிறகு எனக்குச் சடை பின்னக்கூட இடது கையைத் தூக்கவில்லை. வயிற்றுவலி என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். வயிற்றுவலிக்காரர் எதற்காகக் கண்ணாடியை மூட வேண்டும்? வந்த அன்றே ஆளுயரக் கண்ணாடியின் மேல் அப்பாவின் பழைய சாரோங் கைலியைப் போர்த்திவிட்டார்.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா சுவரை ஒட்டி நிற்பார். இடது கை விரல்கள் ஒவ்வொன்றாகச் சுவரில் ஊர்ந்து மேலே ஏறும். கண் மூடியிருக்கும். பல்லைக் கடிக்கும் சத்தம் கதவுக்கு வெளியே எனக்குக் கேட்கும். விரல்கள் நின்ற இடத்தில் வலது கையால் ஒரு பென்சில் கோடு போடுவார். முதலில் அவர் இடுப்புக்கு நேராக இருந்த கோடுகள் மெல்ல மெல்லத் தோளைத் தாண்டின.

அது சீனர்களின் பேய் மாதம், செத்தவர்கள் ஊருக்குள் உலவும் மாதம். கீழே கொளுத்திய ஊதுபத்தியின் புகை பத்தாவது மாடிவரை வந்தது. பந்தல் மேடையில் பாடினார்கள். முன்வரிசை நாற்காலிகளில் யாருமில்லை, அவை பேய்களுக்கு. இந்த மாதத்தில் பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது என்று எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி எனக்குச் சொல்லி வைத்திருந்தார். அம்மா திரும்பிப் பார்த்துவிட்டார் என்பது எனக்குப் புரிந்துபோயிற்று.

சமைத்துப் போட பாகான் டாலாமிலிருந்து வந்திருந்த சித்தியிடம் கேட்டேன்.

“அம்மா எக்சசைஸ் பண்றாங்க லா. போய் ஹோம்வர்க் செய்.”

எக்சசைஸ் என்றால் பள்ளித் திடலில் குதிப்பது. சுவரைப் பார்த்து நிற்பது தண்டனை. எனக்கா தெரியாது?

கோடு உச்சிக்குப் போய்விட்டால் அம்மாவும் போய்விடுவார் என்று பயமாக இருந்தது. ஒரு மதியம் அவர் தூங்கும்போது சாமி மேடையிலிருந்து திருநீற்றை எடுத்துக் குழைத்து, நாற்காலி மேல் ஏறி, பென்சில் கோடுகளுக்கு வெகு உயரத்தில் மூன்று பட்டை இழுத்தேன். சீனப் பேய் நம் திருநீற்றுக்குக் கட்டுப்படுமா என்பதையெல்லாம் நான் யோசிக்கவில்லை.

அன்று மாலை அம்மா அதையே வெகுநேரம் பார்த்தார்.

“பாப்பா, நீயா போட்ட? அவ்ளோ மேல ஏறணுமா அம்மா?”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் சிரித்தார். ஏறக்கூடாது என்பதற்குத்தான் போட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பேயின் காதில் விழுந்துவிடுமே. அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. காலையிலும் சுவர், மாலையிலும் சுவர். சுவர் இழுத்துக்கொள்ளாமலிருக்க நான் அவருடைய நைட்டியைப் பிடித்துக் கீழே இழுப்பேன். “விடு பாப்பா, இன்னும் கொஞ்சந்தான்,” என்பார்.

ஒரு மாலை விரல்கள் திருநீற்றைத் தொட்டன. அதைத் தாண்டியும் போயின. நான் வீறிட்டு அலறினேன். கீழே மேடைப் பாட்டும் சட்டென்று நின்றது.

சுவர் திறக்கவில்லை. அம்மா விரலில் ஒட்டிய திருநீற்றை என் நெற்றியில் பூசினார். நேராகப் போய், அதே இடது கையை உயர்த்தி, கண்ணாடியிலிருந்த சாரோங்கை இழுத்துப் போட்டார். உள்ளே யார் தெரியப்போகிறார்களோ என்று நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அம்மாதான், வேர்த்து விறுவிறுத்து, தன்னைத்தானே மேலும் கீழும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பரவால்ல லா. நான்தான்,” என்றார் கண்ணாடியைப் பார்த்து.

பிறகு குனிந்து இரண்டு கைகளாலும் என்னைக் கட்டிக்கொண்டார். நான் எப்போதும் தலை சாய்க்கும் இடது பக்கத்தில் சாய்ந்தேன். அங்கே மார்பு இல்லை. எலும்பு கன்னத்தில் அழுத்தியது. அதற்குப் பின்னால், மிகவும் பக்கத்தில், யாரோ தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

பேய் அதை மட்டும் எடுத்துக்கொண்டு அம்மாவை விட்டுவிட்டது என்று நினைத்தேன். என் திருநீறுதான் அந்தப் பேரத்தை முடித்து வைத்தது என்று பள்ளியில் பெருமையடித்துக்கொண்டும் திரிந்தேன்.