பத்து மீட்டர் ஆழத்துக் கப்பலும் என் கிணற்று மூச்சும்

சென்ற பிப்ரவரியில் செல்வியும் நானும் கடலுக்கடியில் கிடக்கும் ஒரு பழைய கப்பலைப் பார்க்கப் போனோம். ஆசை என் மனைவியுடையது. ஏழு வருடங்களுக்கு முன்பும் போனோம். நீச்சல்குளப் பயிற்சியிலேயே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் இல்லாமல் இறங்க மாட்டேன் என்று அவளும் திரும்பிவிட்டாள்.

பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில்தான் நான் நீச்சல் பழகினேன். தம் பிடித்து அடியில் அதிக நேரம் இருப்பவன்தான் அன்றைக்கு ராஜா. அந்தப் பச்சைத் தண்ணீரின் குளிர்ச்சியை நினைத்தால் இப்போதும் மனம் ஏங்குகிறது. முதுகில் காற்று உருளையோடு இறங்கும் ஸ்கூபாவிலோ மூச்சை அடக்கவே கூடாது. அடக்கினால் உடம்பு தானாக மேலே மிதக்கும், நுரையீரலுக்கும் ஆபத்து. மலைமேல் சித்திரபுரத்துக் குளிரில் வளர்ந்து, முப்பது வயதில் நீந்தக் கற்ற செல்விக்கு இந்தத் தொல்லை இல்லை.

பாலக்காட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் ஏறக்குறைய எட்டு மணி நேரம், பிறகு கடற்கரைக்குப் பேருந்து. கடலில் இறங்க ஆளுக்கு ஆறாயிரம் ரூபாய். இந்த முறை குளத்தில் எப்படியோ தேறிவிட்டேன். காலை ஏழு மணிக்குப் படகு கிளம்பியது.

"ஏங்க, இந்த வாட்டி நீங்க மேல ஏறுனாலும் நான் வரமாட்டேன்," என்றாள் செல்வி.

"வர வேண்டாஞ் சாமி, நீ பாத்துட்டே வா," என்றேன்.

பாதி ஆழம் இறங்கி, கீழே துருப்பிடித்த கப்பல் தெரிந்ததும் என்னையறியாமல் தம் பிடித்துவிட்டேன். உடம்பு மேலே கிளம்பியது. செல்வி கையைப் பிடித்து நிறுத்தினாள். அதன்பின் அவள் மூச்சு விடும்போதெல்லாம் என் கையை அழுத்தினாள். நானும் கூடவே விட்டேன். கப்பலுக்குள் கிளிமீன்கள் மேய்ந்தன. ஓட்டையில் சிங்கி இறால் மீசை ஆட்டியது. பெரிய களவா மீன் ஒன்று எங்களைச் சட்டையே செய்யாமல் போனது.

படகில் ஏறியதும், "அந்தக் களவா எத்தாத்தண்டி இருந்துச்சு, பாத்தியா?" என்றேன்.

"எந்தக் களவா? நீங்க மூச்சு விடுதீங்களான்னு உங்க மூஞ்சியைத்தான பாத்துக்கிட்டிருந்தேன்."

பயிற்சியாளர் சிரித்தார். "சேட்டா, நாளைக்கும் படகு உண்டு."

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தண்ணீர் தெளிவு. காது, மூச்சுக் கோளாறு இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், கடலில் இறங்கிய அன்றே மலையேறக் கூடாது. சித்திரபுரத்து மாமியார் வீட்டுப் பயணத்தை நாங்கள் தள்ளிப்போட்டோம். என்னைப் போலக் கிணற்றில் பழகியவர் உடன் வந்தால், மற்றவருக்கு இரண்டு நாளுக்குப் பதிவு செய்துவிடுங்கள்.

மறுநாள் செல்வி மட்டும் இறங்கினாள், நான் படகில் இருந்தேன். மேலே வந்தவள் முகமூடியைக் கழற்றும் முன்பே பேச ஆரம்பித்தாள். ரயில் பாலக்காடு வந்து சேரும்வரை நிறுத்தவில்லை.