கால் மில்லியும் ஐந்து அச்சுகளும்

பல் மருத்துவமனையில் அவருக்குக் 'கால் மில்லி' என்றே பெயர். பிள்ளைகளின் பல்வரிசையைப் பிளாஸ்டரில் அச்செடுத்து, கோரைப்பல் மாதம் எவ்வளவு நகர்ந்தது என்று அளப்பது அவர் வேலை. கால் மில்லிமீட்டர் பிசகினால் அன்று அவருக்குச் சோறு இறங்காது.

டாக்டரம்மா அந்த வருடம் இருபது பிள்ளைகளை வைத்து ஒரு ஒப்பீடு தொடங்கியிருந்தார். மேல்வாயில் வலது கோரைப்பல்லைப் பின்னுக்கு இழுக்கக் கம்பிச்சுருள். இடதுக்கு ரப்பர் சங்கிலி. பக்கத்துப் பல்லைப் பிடுங்கிய இடைவெளி எந்தப் பக்கம் சீக்கிரம் மூடுகிறது? நான்கு மாதமும் சுருளே முந்தியது. ஐந்தாம் மாதம், ஐந்து பிள்ளைகளுக்குச் சுருள் பக்கம் இடைவெளி கூடியிருந்தது.

"சுருள் கைவிட்டுருச்சுண்ணே. திங்கக்கிழமை எல்லாருக்கும் கழட்டிட்டு ரப்பரே போட்டுடலாம்" என்றார் டாக்டரம்மா.

கால் மில்லிக்கு மனசு ஒப்பவில்லை. பதிவேட்டைப் புரட்டினார். ஐந்தும் ஒரே தேதி. மனைவி போன ஐந்தாம் நாள். "இன்னும் கொஞ்ச நாள் வீட்ல இருங்கண்ணே" என்று டாக்டரம்மா சொல்லியும், "கை நல்லாத்தான் இருக்கு" என்று வந்து உட்கார்ந்த நாள்.

அலமாரியிலிருந்து அச்சுகளை எடுத்தார். மேல்வாய் அச்சைப் பல் தெரியத் திருப்பி, முன்பல் மேலே வரப் பிடித்தால், நம் இடப்பக்கம் இருப்பது பிள்ளையின் வலது. வேலையில் சேர்ந்த அன்றே கற்றது. அன்றைக்கோ தன் கைப்பக்கத்தையே எழுதி வைத்திருந்தார். அளவெல்லாம் சரி, பக்கம்தான் மாறியிருந்தது.

வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இருபது வாயிலிருந்து நல்ல சுருளைக் கழற்றிவிடுவார்கள்.

"சுருள் கைவிடல டாக்டரம்மா. நான்தான்."

அச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார் டாக்டரம்மா. "கால் மில்லிக்குச் சண்டை போடுற ஆளு, அஞ்சு வாயையே திருப்பி வச்சிட்டீங்களேண்ணே" என்று சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அன்னைக்கே உங்களை நான் வீட்டுக்கு அனுப்பியிருக்கணும்."

"வீட்ல என்ன இருக்கு?"

சுருள்கள் தப்பின. பதிவேட்டைத் திருத்தினால் எதிரே காரணம் எழுத வேண்டும். 'பக்கம் மாறியது' என்று எழுதினார்.

"ஏன்னு கேப்பாங்கண்ணே."

பேனாவை மறுபடி எடுத்தார். அதன் பக்கத்தில் 'மனைவி இறந்த ஐந்தாம் நாள்' என்று சேர்த்தார். அதுவரை அவர் அதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மற்ற நான்கு வரிகளுக்கு 'மேற்படி' என்று போட்டிருக்கலாம். போடவில்லை. ஐந்து தடவையும் முழுதாக எழுதினார்.