மான் காட்டுகிறவர்

என் அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், காட்டில் நடக்க வருகிறவர்களைக் கூட்டிப்போய் மான் காட்டும் வேலை பார்க்கிறார். சருகுகூடச் சத்தம் போடாமல் நடப்பார். வீட்டிலும் அப்படித்தான், பின்னால் வந்து நின்றாலும் தெரியாது. அப்படிப்பட்டவரை நம்புவது கொஞ்சம் கஷ்டம்.

நான் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். என் மூக்குக்கு எதுவும் தப்பாது. காலையில் சோப்பு மணக்கக் கிளம்புகிறவர், மாலையில் அந்த வாசனை துளியும் இல்லாமல் திரும்பினார். லீவு நாளிலும் அதே கதை. அக்காவிடம் சொன்னேன்.

“எங்கேயோ குளிக்கிறாருடி. குளிக்க ஒரு வீடு இருந்தா, அந்த வீட்டுல ஒருத்தி இருப்பா.” அக்கா குழந்தையின் துணிகளைப் பையில் அடுக்கினாள். “நீ பின்னாடியே போய்ப் பாரு. உண்மைன்னா இன்னைக்கே அம்மா வீட்டுக்குக் கிளம்பிடுறேன்.”

அன்று அவருக்கு லீவு. பின்னாலேயே போனேன். காட்டு ஓடையில் இறங்கி வெறும் தண்ணீரில் குளித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு மரப்பொந்திலிருந்து அழுக்குச் சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். இந்தக் கோலத்தில் இவரைச் சேர்க்கிறவள் எப்படிப்பட்டவளோ என்று என் சந்தேகம் இன்னும் முற்றியது.

கொஞ்ச தூரம் போய் ஒரு புதரருகே குந்தினார். எதிரே ஒரு பெண் மான். அதன் காலடியில், நிற்கவே தடுமாறும் குட்டி.

காற்று என் முதுகில் பட்டு அந்தப் பக்கம் போனது. மான் வெடுக்கென்று தலையைத் தூக்கி, நான் ஒளிந்திருந்த மரத்தையே பார்த்தது.

மாமா திரும்பவே இல்லை. “சலவைக்கடையே நடந்து வந்திருக்கு போல. வெளியே வாம்மா. அக்கா அனுப்பினாளா?”

அவர் பக்கத்தில் போய்த் தலையாட்டினேன். காதெல்லாம் சுட்டது.

“சோப்பு வாசனை பட்டா மான் நிக்காது. இது குட்டி போட்டிருக்கு, அதான் லீவு நாள்லயும் வந்து பாத்துட்டுப் போறேன்.”

“இதை அக்காகிட்ட சொல்லியிருக்கலாமே மாமா?”

“உங்க அக்காகிட்டயா? அவ காதுல போட்டா, சாயங்காலமே மொத்தத் தெருவும் சோத்து மூட்டையோட இங்க வந்து உக்காந்திருக்கும். குட்டி ஓடப் பழகுற வரைக்கும் நீயும் வாயைத் திறக்காத.”

நம்பினேன். இருந்தாலும், அங்கே வேறு காலடித் தடம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

அக்கா பையோடு வாசலில் நின்றாள். “யாருடி அவ?”

“பொம்பளை யாரும் இல்லக்கா.”

“அப்போ காட்டுல என்னதான் பண்றாரு?”

அவள் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன். பொய் சொல்ல எனக்கு வராது என்று அவளுக்குத் தெரியும். பேச்சை விழுங்க வரும் என்பதும் தெரியும். பின்னாலேயே வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள்.

“ரெண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறீங்க. மறைங்க. அம்மா வீட்டுல உக்காந்துக்கிட்டு அதைக் கண்டுபிடிக்க முடியுமா? நான் எங்கேயும் போகல.”