நிறுத்திய பிறகும் நடுங்கிய கை

சகோதரரே, சகோதரிகளே, சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவன் சந்தோஷமாகத் தொடங்க வேண்டும் என்பார்கள். நான் கோபத்தோடுதான் தொடங்குகிறேன். இந்தக் கோபத்தைக் கர்த்தர் அறிவார்.

நான் சாராயத்தை விட்டு அன்றைக்கு ஐம்பத்திரண்டாவது நாள். திருவிருந்து ஞாயிறு. பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டிருந்தேன். திராட்சை ரசக் கிண்ணத்தை வாங்கும்போது கை நடுங்கியது. இரண்டு கையாலும் பிடித்தேன். அப்படியும் ரசம் சட்டையில் சிந்திவிட்டது. பக்கத்தில் நின்ற சபை மூப்பர் குனிந்து, அத்தனை பேருக்கும் முன்னால் என் வாயை மோந்து பார்த்தார். கிண்ணத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "எழுந்து போப்பா. சுத்தமாயிட்டு வா" என்றார்.

ஐம்பத்திரண்டு நாளாக ஒரு சொட்டுத் தொடாதவனைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. பெண்கள் பக்கம் திரும்பினேன். என் மனைவி எஸ்தர் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். நான் குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடந்த வருஷங்களில்கூட அவள் அப்படி முகத்தை மூடியதில்லை.

என் பெயர் தேவசகாயம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமம். அப்பா காலத்திலிருந்து நாலு மா நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறோம். நிலத்துக்காரர் வெளியூரில் இருந்தார். எல்லாம் அவருடைய காரியஸ்தர் கையில்தான். குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றலாம் என்று சட்டம் வந்தபோது, அப்பா தாலுகா ஆபீசில் வரிசையில் நின்று பெயரைப் பதிந்துவிட்டு வந்தார். அவருக்குப் பிறகு என் பெயர் ஏறியது. அந்தப் பெயர் அங்கே இருக்கிறவரை எங்களை நிலத்திலிருந்து எழுப்ப முடியாது என்று காரியஸ்தருக்குத் தெரியும். அதனால் அவர் வேறு வழி பார்த்தார்.

அறுப்பு முடிந்து களத்தில் நிற்கிற ஆட்களுக்கு அவர் செலவில் சாராயம் வரும். உடம்பு வலிக்கு நல்லது என்பார். முதல் தடவை வாங்கிக் குடித்தபோது எனக்குப் பதினெட்டு வயது. பிறகு அரசாங்கமே சாராயக்கடையை ஏலம் விட்டது. உழுகிறவனுக்கு நிலம் என்று மேடை போட்டுப் பேசியவர்களுடைய அரசாங்கம்தான். பள்ளிக்கூடம் கீற்றுக்கொட்டகையில் இருந்தது, கடைக்கு ஓடு போட்டார்கள். இதைச் சொன்னால் சபையில் அரசியல் பேசாதே என்கிறார்கள். என் ஈரலைத் தின்றது வேறு என்னவாம்?

ஒரு ஆடி மாதம் காய்ந்த வாய்க்காலுக்குள் போதையில் கிடந்தேன். அன்றைக்குத்தான் முறைத்தண்ணீர் விட்டார்கள். தண்ணீர் மூக்குவரை வந்தும் எழுந்திருக்கத் தெரியவில்லை. எஸ்தர் வயலில் நின்ற பெண்களைக் கூப்பிட்டு என்னைக் கரையில் இழுத்துப் போட்டாள். திட்டவில்லை. "இன்னொரு தடவ இழுக்க என் கையில பலம் இல்லைங்க" என்றாள். அவ்வளவுதான். நனைந்த துணியோடு அங்கேயே என்னை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தேன்.

முதல் பத்து நாள் அரசு ஆஸ்பத்திரி. வலிப்பு வந்தது. இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்ந்தன. பிழைத்து வந்ததும் சபை கைதட்டிப் பாடியது. விடுதலை கிடைத்துவிட்டது என்றார்கள். நானும் நம்பினேன்.

ஆனால் அது முடியவில்லை. இதைத்தான் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி ஆரம்பித்தது. தூக்கம் வராது. உள்ளங்கை வேர்க்கும். நாற்றுக்கட்டை எண்ணத் தொடங்கினால் பாதியில் எண்ணிக்கை மறந்துபோகும். எஸ்தர் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் அடிக்கக் கை ஓங்கும், அடுத்த நிமிஷம் அழுகை வரும். இரண்டு நாள் நன்றாக இருப்பேன், மூன்றாம் நாள் திரும்ப வந்துவிடும். சாயங்காலம் நாலு மணி ஆனால் கை தானாக ஆடும். இதோடுதான் அந்தத் திருவிருந்துக்குப் போனேன். அன்றிலிருந்து, தேவசகாயம் ஒளித்துக் குடிக்கிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. விசுவாசம் இருந்தால் கை ஏன் ஆடுகிறது என்று கேட்டார்கள். கேட்டவர்கள் நம்மவர்கள்தான்.

அடுத்த வாரம் தாலுகா ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. நிலத்தை நானே விட்டுக்கொடுத்துவிட்டதாகக் காரியஸ்தர் ஒரு காகிதம் கொடுத்திருந்தார். அதில் என் கைரேகை இருந்ததாம். எனக்கு எதுவும் நினைவில்லை. எந்தப் போதையில், யார் என் விரலைப் பிடித்து மையில் வைத்தார்களோ, தெரியாது.

நோட்டீஸ் வந்த இரண்டாம் நாள் மத்தியானம் காரியஸ்தரே வயலுக்கு வந்தார். நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். பையிலிருந்து பாட்டிலை எடுத்து ஒரு டம்ளரில் ஊற்றினார். "ஒடம்பு இப்படி ஆடுதேப்பா, பாவமா இருக்கு. அரை டம்ளர் போடு, நின்னுடும்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அதுதான் கொடுமை. குடித்தால் நின்றுவிடும். டம்ளரைக் கையில் வாங்கிவிட்டேன். மறைக்காமல் சொல்கிறேன், வாய் அருகில் கொண்டுபோனேன். நாற்றம் மூக்கில் ஏறியது. "ஆண்டவரே, சபையிலிருந்து ஒருவரையாவது இப்போது என் பக்கத்தில் அனுப்பும்" என்று மனசுக்குள் கதறினேன். வரப்பில் யாரும் வரவில்லை. ஆனால் டம்ளரைக் கீழே வைக்க முடிந்தது. எழுந்து நடந்தேன். பின்னால் காரியஸ்தர் சிரித்தது கேட்டது.

ரோட்டுக்கு வந்து, முச்சந்தியில் இருந்த சைக்கிள் கடைக்கு முன்னால் நின்றுவிட்டேன். உடம்பெல்லாம் நடுக்கம், கண்ணில் தண்ணீர். கடைக்காரர் காதர் பாய். அவரிடம் அதற்குமுன் காற்று அடித்ததோடு சரி, பேசியதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். விட்டு எத்தனை நாளாச்சு என்று கேட்டார். அறுபத்தொன்று என்றேன்.

"அப்ப இது குடிச்ச நடுக்கம் இல்ல தம்பி, விட்ட நடுக்கம்" என்றார். "பினாங்குல இருந்தப்ப நானும் குடிச்சவன்தான். விட்டதுக்கப்பறம் எனக்கு ஒரு வருஷம் இருந்துச்சு. வரும், போகும். வர்றப்ப பழையபடி ஆயிட்டோம்னு நெனைச்சிடாதீங்க. தெனம் நாலு மணிக்கு இங்க வந்துடுங்க."

அந்த ஒரு வார்த்தையை மருத்துவரும் சொல்லவில்லை, மூப்பரும் சொல்லவில்லை. நான் சபையிலிருந்து ஆள் கேட்டேன். ஆண்டவர் அனுப்பிய ஆள் வேறு வேதம் ஓதுகிறவர். இதில் யார் வெட்கப்பட வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தினமும் நாலு மணிக்குப் போனேன். டியூபைத் தேய்த்துப் பஞ்சர் ஒட்டக் கொடுத்தார். கை ஆடும். கோணலாக ஒட்டுவேன். பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்வார். ஆறு மணிக்கு இனிப்புத் தூக்கலாக ஒரு டீ. பிறகு வீடு. வீட்டில் எஸ்தரும் நானும் முழங்காலில் நிற்போம். நடுக்கத்தை எடுத்துப்போடும் என்றுதான் தினமும் கேட்டேன். ஆண்டவர் எடுக்கவில்லை.

விசாரணை ஐப்பசியில் வந்தது. எண்பத்து நாலாவது நாள். தாசில்தார் அந்தக் காகிதத்தைக் காட்டி, இது உன் ரேகையா என்றார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "என்னுதா இருக்கலாம் ஐயா. குடிச்சிட்டுக் கெடந்தப்ப வச்சிருப்பாங்க. சுயநினைவோட இருந்தா நான் கையெழுத்துதான் போடுவேன்" என்றேன். பதிவேட்டில் என் கையெழுத்து இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், இங்கே போடு என்று வெள்ளைக் காகிதத்தைத் தள்ளினார்.

பேனாவை எடுத்தேன். கை ஆடியது. காகிதம் முழுக்கப் புள்ளி புள்ளியாக மை. காரியஸ்தர் சிரித்தார். "பாருங்க சார், இப்பவே போட்டுட்டு வந்திருக்கான். இவன் பேச்சை எப்படி நம்புறது?"

எனக்குள் எரிந்தது. இருபது வருஷம் ஊற்றிக் கொடுத்தவன் அதையே என்மேல் குற்றமாகச் சொல்கிறான்.

"ஐயா, நான் குடிச்ச காலத்துல காலையில ஒரு டம்ளர் போட்டா கை ஆடாது" என்றேன். "இப்ப குடிக்கல, அதான் ஆடுது. இவர் போன மாசம் வயலுக்கே கொண்டாந்து குடுத்தாரு. அதைக் குடிச்சிருந்தா இன்னிக்கு முத்து முத்தா எழுதியிருப்பேன்."

தாசில்தார் காரியஸ்தரைப் பார்த்தார். "நிதானமா போடு, அவசரமில்ல" என்றார் தாசில்தார் என்னிடம்.

அப்போதுதான் என் ஜெபம் மாறியது. நடுக்கத்தை எடும் என்று கேட்கவில்லை. ஆண்டவரே, நடுங்கிக்கொண்டே எழுத வையும் என்றேன். இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்தேன். ஒவ்வொரு எழுத்தாக இழுத்தேன். தே, வ, ச. கோணல்மாணலாக இருந்தாலும் அது என் கையெழுத்து. பதிவேட்டில் இருந்த அதே சுழி, அதே வால்.

நிலத்தை நேரில் பார்க்க ஆள் அனுப்பினார்கள். நான் நட்ட சம்பாப் பயிர் வயல் நிறைய நின்றது. விட்டுக்கொடுத்த காகிதம் செல்லாது என்று உத்தரவு வந்தது. என் பெயர் பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. கர்த்தருக்கு நன்றி. கோடி நன்றி.

நடுக்கம் முழுதாக நிற்க அடுத்த வருஷம் அறுப்பு வரை ஆயிற்று. தூக்கம் அதற்கும் பிறகுதான் வந்தது. இப்போது மூன்றாவது வருஷம் நடக்கிறது. மூப்பர் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று இங்கே நின்று பொய் சொல்லமாட்டேன். அதற்காகவும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களில் யாராவது குடியை விட்ட பிறகும் உடம்பு ஆடுகிறதே, ஆண்டவர் கைவிட்டுவிட்டாரோ என்று உட்கார்ந்திருந்தால் கேளுங்கள். அவர் விடவில்லை. உங்கள் ஜெபம் பொய்யாகவில்லை. உடம்பு மெதுவாகத் திரும்புகிறது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அவரை நம்பி இன்னொரு நாளைத் தாண்டுங்கள். மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அப்படி ஒருவன் உங்கள் பக்கத்தில் முழங்கால் போட்டால் அவன் வாயை மோந்து பார்க்காதீர்கள். அவன் கையில் கிண்ணம் ஆடினால், நீங்களும் சேர்ந்து பிடித்துக்கொள்ளுங்கள்.